எங்கும் போகாதவர்கள்

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று செவ்வாய், கடலுக்கு விடுமுறை. வழக்கம்போல அராபா அக்கா மதியம் சாப்பிட வந்தாள். புகைமீன் அவள் பங்கு, புளித்த சோள மாவில் அவித்த கென்கி உருண்டை வாங்கி வைப்பது என் பங்கு. எல்லாம் வழக்கம்போல, இடுப்புத் துணி மட்டும் வழக்கமில்லை. விளக்குப் படம் அச்சடித்த கட்சித் துணியை மூன்று தேர்தலாக அவள் மாற்றியதில்லை. இன்று ஏதோ பூப்போட்ட துணி.

"கட்சித் துணி எங்கக்கா?"

"நனைஞ்சிருக்கு."

"மழையே இல்லையே."

"தொவைச்சாலும் நனையும். இதையும் வாத்தியாருக்கு நான்தான் சொல்லணுமா?"

அக்காவின் துணி வீட்டு விஷயம் அல்ல. இந்தக் கடற்கரையில் புகையடுப்பு வைத்திருக்கும் பெண்கள் அவள் முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள். விளக்குக் கட்சியின் தொகுதிச் செயலாளராக நான் ஆனதும் 'அராபாவின் தம்பி' என்ற தகுதியால்தான். பள்ளியில் வரலாறு சொல்லித் தருவதைக் கட்சியில் யாரும் தகுதியாக எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் ஏழாம் தேதி அதிபர் தேர்தல். எங்கள் அதிபர் மறுபடியும் நிற்கிறார். அக்கா போனால் கரையே போகும்.

துணி காயும் என்று நம்புகிறேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

போன தேர்தலில் இந்த ஊரில் பெட்டி பெட்டியாக வென்றோம். இன்று தேவாலய வாசலில் நின்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அன்று எங்களுக்கு ஓட்டுப் போட்டதாக ஒப்புக்கொள்பவர் ஒருவர்கூட இல்லை. முடிவெட்டும் ஃபீஃபி சத்தியமே செய்கிறான்.

"நான் அன்னிக்கே உரல் கட்சிக்குத்தான் போட்டேன், வாத்தியாரே."

"எங்க வேன் மேல ஏறி ஆடினது நீதானேய்யா?"

"ஆட்டம் வேற, ஓட்டு வேற."

வாக்காளர்களே இல்லாமல் பெரும்பான்மை பெற்ற கட்சி வரலாற்றில் வேறு உண்டா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 14, சனி

மண்டல அமைப்பாளர் அன்சா வந்திருந்தார். கோகோத் தோட்டத்து ஊர்க்காரர். மீனைத் தட்டில்தான் பார்த்திருக்கிறார். அரசு தரும் வள்ள இன்ஜின்கள் வரப்போகின்றன, விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். யாருக்குக் கொடுப்பது?

"உரல்காரனுக்குக் குடு, எக்கோ. ரெண்டு மனசா இருக்கிறவனுக்குக் குடு. அவன் இந்தப் பக்கம் வருவான்."

"நம்ம ஆளுங்க, சார்?"

"நம்ம ஆளுக்கு எதுக்கு? அவன் எங்க போயிடப் போறான்?"

தர்க்கம் சரியாகவே பட்டது. வைத்தியன் நோயாளி வீட்டுக்குத்தான் போவான். தலையாட்டினேன். அக்காவின் வள்ளத்து இன்ஜின் இருமுவது பள்ளிக்கூடம் வரை கேட்கும். அவளுக்கு அடுத்த தவணையில் பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நேற்று இன்ஜின் கொடுத்தாகிவிட்டது. கோபினா எசலுக்கும் ஒன்று. நேற்று முன்தினம் வரை உரல் கட்சியின் தூண் அவன். இன்று அவன் வள்ளத்தின் பக்கப் பலகையில் உரலை அழித்து விளக்கு எழுதியாகிவிட்டது. ஒரே பூச்சுதான். உற்றுப் பார்த்தால் விளக்குக்குள் உரல் தெரிகிறது.

அக்கா வந்தாள். பாதிச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள்.

"கோபினாவுக்கு இன்ஜின் குடுத்தீங்களாமே."

"அது அரசியல்க்கா."

"நல்லது. எனக்கு ஒண்ணு வேணும்னா நான் என்ன அரசியல் பண்ணணும்?"

"உனக்கு அடுத்த தவணைல. நீ நம்ம ஆளுதானே."

"ம். நம்ம ஆளு."

வாடை அடிக்கும் மீனைக் கூடையிலிருந்து தனியே எடுத்து வைப்பதுபோல அந்தச் சொல்லை எடுத்து வைத்தாள். பிறகு மழையைப் பற்றிப் பேசினாள்.

செப்டம்பர் 25, புதன்

வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 12, சனி

'மக்கள் ஏன் கட்சி மாறுகிறார்கள்?' உள்ளூர் வானொலியில் ஒரு மணி நேரம். விலைவாசி, வேலை, மின்வெட்டு என்று எதிர்க்கட்சிக்காரர் அடுக்கினார். மின்வெட்டு என்பது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்று நான் மறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. ஜெனரேட்டர் வந்ததும் அறிவிப்பாளர், "விளக்குக் கட்சி சார், மெழுகுவத்தி இருக்கா?" என்றார். ஊரே கேட்டிருக்கிறது. பிள்ளைகள் திங்களன்று வகுப்பில் கேட்பார்கள்.

இதைப் பற்றி எழுதப்பட்டவற்றை நிறையவே படித்திருக்கிறேன். பணப்பையைப் பார்த்து மாறுகிறார்கள் என்கிறது ஒரு கூட்டம். குலம் கோத்திரம் பார்த்து என்கிறது இன்னொன்று. இருக்கட்டும். ஒரே வரிசையில் நின்று ஒரே விலைக்கு ஒரே எண்ணெய் வாங்குகிற இரண்டு பேரில் ஒருவன் இருக்கிறான், ஒருவன் போகிறான். அதை எந்தப் பணப்பை சொல்லும்? மாறினவனைக் கேட்டால் நான் மாறவில்லை, கட்சிதான் மாறியது என்கிறான். மாறாதவனைக் கேட்க எங்களுக்குத் தோன்றுவதில்லை.

நவம்பர் 11, திங்கள்

அன்சா தொலைபேசியில். பத்தொன்பதாம் தேதி அதிபர் இங்கே வருகிறார். மீனவரோடு மீனவராக வள்ளத்தில் ஏறிக் கடலில் ஒரு சுற்று. படம் பிடிக்கிறவர்கள் கூடவே வருகிறார்கள்.

"சார், அன்னிக்கு செவ்வாய். யாரும் கடல்ல இறங்க மாட்டாங்க."

"அதனாலதான்யா செவ்வாய். வள்ளமெல்லாம் கரையில சும்மாதானே கிடக்கும்?"

"சும்மா கிடக்கல சார். அது கடலோட நாள். அதுக்கு ஓய்வு குடுக்கிறோம்."

"பத்தே நிமிஷம். கடலுக்குத் தெரியாம போயிட்டு வந்துடலாம்."

படித்தவர். சட்டம் படித்தவர். என்ன செய்வது!

நவம்பர் 16, சனி

அக்காவின் வள்ளம்தான் வேண்டுமாம். ஊருக்கே தெரிந்த விளக்குக் கொடி வள்ளம் அது. கேட்கப் போனேன்.

"புதன்கிழமை வரச் சொல்லு. நானே துடுப்புப் போடுறேன்."

"அவருக்கு செவ்வாய்தான் நேரம் இருக்குக்கா."

"கடலுக்கும் செவ்வாய்தான் நேரம் இருக்கு."

மாலையில் கோபினா தானாக வந்து தன் வள்ளத்தைத் தருவதாகச் சொன்னான். செவ்வாயில் பிறந்ததால்தான் அவனுக்குக் கோபினா என்று பெயர். அதனால் கடல் தன்னை மன்னித்துவிடும் என்பது அவன் கட்சி. அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"நானும் செவ்வாயில பொறந்தவதான். அராபான்னு பின்ன எதுக்கு வச்சாங்க? மன்னிப்பு விக்கிற கடை எனக்கு மட்டும் தெரியலையே, எக்கோ."

நவம்பர் 19, செவ்வாய்

போனார்கள். சுற்றினார்கள். வந்தார்கள். படங்கள் அருமையாக வந்திருப்பதாக அன்சா சொல்கிறார். அருமைதான். அதிபருக்குப் பின்னால், கரை நெடுக, வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் ஒருவர்கூட எழுந்து நிற்காததும் அருமையாக விழுந்திருக்கிறது.

வண்டிகள் புழுதி கிளப்பிப் போன கையோடு மீனவர் தலைவர் நானா ஆளனுப்பினார். கடலைச் சாந்தப்படுத்த ஒரு செம்மறியும் மதுவும் கட்சி தர வேண்டும். அதுவரை ஒரு வள்ளமும் இறங்காது. உடனே அன்சாவை அழைத்தேன்.

"தேர்தல் முடியட்டும்யா, ரெண்டு ஆடாவே குடுத்துடலாம்."

"அதுவரைக்கும் ஊர் எதை சார் திங்கும்?"

தொடர்பு சரியில்லை என்று வைத்துவிட்டார்.

அக்கா இன்று சாப்பிட வரவில்லை. கென்கி இரண்டு பேருக்கு வாங்கியிருந்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

புதன், வியாழன் இரண்டு நாளும் கடல் காலி. என் சம்பளத்தில் ஓர் ஆடு வாங்கலாம் என்று நேற்று முடிவு செய்தேன். கட்சி கொடுத்ததாக ஆகிவிடும், தலைமையைக் கேட்காமல் செய்யாதே என்றார் அன்சா. நானும் செய்யாமல் இருந்தேன்! எனக்கு என்ன கேடு?

இன்று காலை புகையடுப்புப் பெண்கள் தங்களுக்குள் காசு பிரித்துப் போட்டு ஓர் ஆடு வாங்கிவிட்டார்கள். கடற்கரைக்குக் குறுக்குவழி இருக்கிறது. அக்கா அதை நெடுஞ்சாலை வழியாக ஓட்டிக்கொண்டு வந்தாள், கட்சி அலுவலக வாசலைத் தொட்டுக்கொண்டு. ஆடு எங்கள் கொடிக்கம்பத்தடியில் நின்று புல் தின்றது. அக்கா கயிற்றை இழுக்கவில்லை. அது நிதானமாகத் தின்று முடிக்கும்வரை நின்றாள். உள்ளே நான் இருந்தேன். அவளுக்குத் தெரியும்.

நவம்பர் 26, செவ்வாய்

வரவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

தொகுதி முழுக்க ஒரே பேச்சு: செவ்வாய்க்கிழமை எங்களைக் கவிழ்த்துவிட்டது. அன்சாவும் இப்போது அதையே சொல்கிறார், தான் எச்சரித்ததுபோன்ற குரலில்.

பொறுக்க முடியாமல் அக்காவின் அடுப்படிக்குப் போனேன். புகையில் நின்று சாளையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வெறும் விரலால்தான் புரட்டுவாள், எப்போதும் அப்படித்தான்.

"ஒரு செவ்வாய்க்கிழமைக்காகவாக்கா?"

"செவ்வாய்க்கிழமைன்னு சொன்னா எல்லாருக்கும் சட்டுனு புரியும். அதனால அதைச் சொல்றோம்."

"அப்ப இன்ஜினா?"

"யாருக்கும் குடுக்காம இருந்திருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன்." அடுத்த தட்டை இழுத்தாள். "நீ தேர்தலுக்குத் தேர்தல் கோபினா வீட்டுக்குப் போறே. அவன் பொண்டாட்டி நாற்காலி போடுறா. உக்காந்து, குடும்பம் எப்படி, வலை எப்படின்னு விசாரிச்சு ஓட்டுக் கேக்குறே. எங்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கியா?"

"நீ என் அக்கா."

"அக்காவா இருந்து பாத்துட்டேன். கொஞ்ச நாள் வாக்காளரா இருந்து பாக்குறேன்."

பக்கத்து அடுப்புப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு— யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"எப்படியும் எங்களுக்குத்தானே போடப் போறே?"

"பாத்தியா. இப்பவும் கேக்கல. சொல்றே."

புகை கண்ணில் ஏறியது. கேட்டேன். முழுசாகத்தான் கேட்டேன். "எங்களுக்கு ஓட்டுப் போடுக்கா." இத்தனை வருஷத்தில் எத்தனையோ வாசலில் சொன்ன வாக்கியம், இங்கே முதல் தடவை.

மீனைப் புரட்டினாள். "யோசிக்கிறேன்," என்றாள்.

கோபினா எனக்கு எப்போதும் சொல்லும் அதே பதில்.

டிசம்பர் 3, செவ்வாய்

வரவில்லை. கென்கி ஒன்றுதான் வாங்கினேன்.

டிசம்பர் 7, சனி

பள்ளித் தாழ்வாரத்தில் நாள் முழுக்கக் கட்சியின் பூத் ஏஜென்டாக உட்கார்ந்திருந்தேன். புகையடுப்புப் பெண்கள் காலையிலேயே மொத்தமாக வந்தார்கள். வழக்கம்போல ரேகை பார்க்கும் கருவி அவர்களை ஒப்புக்கொள்ளவில்லை. நெருப்பும் செதிலும் அவர்கள் விரல் ரேகையைத் தின்று பல காலமாகிறது. முகத்தைப் பார்த்து உள்ளே விட்டார்கள். அக்கா என்னைக் கடக்கும்போது மற்ற ஏஜென்டுகளுக்குச் சொன்ன அதே வணக்கத்தைச் சொன்னாள்.

மாலையில் ஊர் கூடி நிற்க எண்ணினார்கள். ஒவ்வொரு சீட்டையும் விரித்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார்கள். கட்டைவிரலை மையில் தோய்த்துப் பதித்த சீட்டுகள். மற்றவர்களின் மையில் ரேகை ஓடும். நடுநடுவே ரேகையே இல்லாத மை வந்தது, மீன்கண்போல, வழவழவென்ற கறுப்பு. இத்தனை தேர்தலில் அதை நான் பார்த்ததில்லை. பார்க்கத் தேவை இருந்ததில்லை.

உரல். உரல். ரேகையில்லாத மை ஒவ்வொன்றும் உரலின்மேல். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் உலக்கை போடுவதுபோல 'ஹும்' கொட்டியது. கடைசிச் சீட்டுக்கட்டுக்குள் ஒன்று மட்டும் விளக்கின்மேல் இருந்தது. ரேகை இல்லாத ஒன்று. அதிகாரி தூக்கிப் பிடித்தார், விளக்கு என்றார், கீழே வைத்தார். பெண்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்கா யாருடைய குழந்தைக்கோ மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தோற்றோம். இந்தச் சாவடியில் மோசமாக. வீட்டுக்கு வரும் வழியில் கோபினா வள்ளத்தின் மேல்பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அடியில் உரல் பத்திரமாக இருந்தது.

டிசம்பர் 10, செவ்வாய்

நாடு முழுக்க உரல்தான் என்று நேற்று அறிவித்தார்கள். அன்சாவின் தொலைபேசி அணைந்திருக்கிறது. நான்கு வருஷம் கழித்து எரியும்.

கென்கி இரண்டு வாங்கினேன். பழக்கதோஷம்.

மதியம் அக்கா வந்தாள். அதே பூப்போட்ட துணி. மீனை வைத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னாள்:

"உரல்காரங்க காலையில வந்தாங்க. நான் இனிமே அவங்க ஆளாம். துணி குடுத்துட்டுப் போனாங்க."

"உடுத்திக்கலையா?"

"நனைஞ்சிருக்கு."

அந்த ஒற்றை மையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். எடுத்த வாயில் கென்கியைப் போட்டுக்கொண்டேன். பிறகு எழுந்து போய், முன்னறையில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் நாற்காலியைத் தூக்கிவந்து, அவள் எப்போதும் உட்காரும் மணைக்குப் பக்கத்தில் போட்டேன்.

நாற்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னடா இது. இன்னும் நாலு வருஷம் இருக்கே."

"இருக்கட்டும். உக்காரு. வலை எப்படி இருக்கு?"

"கிழிஞ்சிருக்கு," என்றாள், உட்கார்ந்து. சாப்பாடு ஆறும்வரை வலையைப் பற்றியே பேசினாள்.