தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள்

என் பிரியமுள்ள தங்கச்சி பாப்பாத்திக்கு,

இதை நானே எழுதுகிறேன் தாயி. நம்ப மாட்டாய். நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். ஒரு வரி முடிய வெகு நேரம் ஆகிறது. முடிந்ததும் எனக்கே சிரிப்பு வருகிறது. போன வாரம் யாரையும் கேட்காமல் பலகையைப் படித்து அய்யலூர்ச் சந்தைக்கு பஸ் ஏறினேன். அதைச் சொல்ல வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ இல்லை.

படிக்க வந்த சந்தோஷத்தில் வீட்டில் இருந்ததையெல்லாம் படித்தேன். காலண்டர், சோப்பு உறை, கடைசியில் உன் ஆஸ்பத்திரிச் சீட்டு.

உனக்குக் கொப்புளம் வந்ததும் அம்மை என்றுதானே வேப்பிலையில் படுக்க வைத்தோம்? ஒரு மாதமாகியும் இறங்காமல் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சொன்னது நினைவிருக்கிறதா? “இது அம்மை இல்லைங்கய்யா, யாருக்கும் ஒட்டாது. ஒடம்பைக் காக்குற சத்தே தோலைப் பகையா நெனச்சுப் பிரிச்சு விடுது. ரொம்ப அபூர்வம். மாத்திரையைக் கொஞ்சங் கொஞ்சமா நாங்கதான் குறைப்போம். அதுக்கும் கேக்கலைன்னா டிரிப்ஸ்ல ஏத்துற ஊசி இருக்கு.” சீட்டின் பின்பக்கம் தமிழிலும் எழுதிக் கொடுத்தார்.

கொப்புளம் வற்றியது. மாத்திரையால் உன் முகம் உப்பியது.

“ஏண்ணே, மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிருச்சு. சந்தையில ஆடே என்னயப் பாத்து மெரளுது.”

“அதான் எறங்கிருச்சுல்ல. தலைக்குத் தண்ணி ஊத்திருவோம். அப்புறம் எதுக்கு மாத்திரை?”

அம்மைக்கு அப்படித்தானே செய்வோம்? வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை நான்தான் ஊற்றினேன். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் நீ சிரித்தாய்.

பத்து நாளில் வாயெல்லாம் புண். கஞ்சி இறங்கவில்லை. வாழையிலையில் கிடந்தாய். மறுபடி தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டரம்மா, “மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?” என்றார். “தண்ணி ஊத்துன அன்னைக்கு” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, அந்த ஊசியை இப்போது போட முடியாது என்றார். நாலாம் நாள் நீ போய்விட்டாய்.

சீட்டின் பின்பக்கம் இப்படி இருக்கிறது: “புண் ஆறினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து.” முதல் தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இப்போது தடுமாறாமல் படிக்கிறேன். இதற்குத்தான் கற்றேனா, பாப்பாத்தி? அவர் வாயாலும் சொன்னாரே, அது ஏன் என் காதில் ஏறவில்லை?

மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். குஜிலியம்பாறைப் பக்கத்துப் பொம்பளை ஒருத்தி, உனக்கு வந்த அதே நோய், வரிசையில் உட்கார்ந்திருந்தாள். “எல்லாம் ஆறிருச்சேண்ணே, இனி நிறுத்திரலாம்ல?” என்றாள். அவள் சீட்டை வாங்கி, அதிலும் இருந்த அந்த வரியைச் சத்தமாகப் படித்தேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

“ஒங்க வீட்டுலயும் யாருக்காச்சும் இருந்துச்சா? நல்லாயிருச்சா?”

அவள் சீட்டை மறுபடி விரித்தேன். மூன்றாம் தடவையும் படித்தேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் தோல் நோய்க்காரர்கள் வருகிறார்கள். என் கண் தெரியும்வரை அங்கே போய் உட்காருவேன், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்வேன். இது சத்தியம். ஆனாலும் அந்த வரி உனக்குப் படித்திருக்க வேண்டியது.

உனக்குத் தண்ணீர் ஊற்றிய கையாலேயே இதை எழுதும்
உன் அண்ணன்