இறக்கிய காற்று

இன்று காலை உன் மனைவி போன் செய்தாள். "அண்ணே, அவருக்க காத்தடிக்கிற மெஷின் உங்ககிட்டயா இருக்கு? ஸ்கூட்டர் டயர் ரெண்டும் படுத்துட்டு." ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்தேன். எட்டு மாதமாகத் தொடாத சாமான். குழாயை உதறியதும் பூவாறு கடற்கரை மணல் கொட்டியது. ஒன்றும் தோன்றவில்லை. தரையைப் பெருக்கினேன், அவ்வளவுதான்.

எனக்கு ஆபீஸ் லீவு என்றால் அன்றைக்குச் சாலைக் கடைத்தெருவில் உன் இரும்புக் கடையும் அடைப்பு. நம் ரெண்டு ஜீப்பும் பூவாறு தாண்டி, கடலோரச் சவுக்குத் தோப்புக்குள் புகுந்துவிடும். மணலில் இறங்கும் முன் டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிடுவாய். "வண்டி சம்மணம் போட்டு உக்காரணும் மக்கா, அப்பதான் புதையாது" என்பாய். நான் அவசரக்காரன், மிதித்து மிதித்துப் புதைந்து நிற்பேன். நீ சிரிக்காமல் வந்து மண்வெட்டியை என் கையில் தருவாய். வெளியே வந்ததும் மறுபடி காற்று நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் தார் ரோட்டில், வளைவில், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இது நமக்குப் பாலபாடம்.

எட்டு மாதம் முன்பு, அந்தக் கடைசி நாளில், என் டயர்களை நிரப்பி முடித்தபோது, மாமியாரை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கூட்டி வரச் சொல்லி வீட்டிலிருந்து போன். "நீ போ மக்கா. நான் டீ குடிச்சிட்டு, பங்க்ல காத்தடிச்சுக்கிடுதேன்" என்றாய். உன் மெஷினை என் வண்டியிலேயே சுருட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பெட்ரோல் பங்கை நான்தான் முதலில் கடந்தேன். 'எயர் இல்லா', காற்று இல்லை என்று மலையாளத்தில் அட்டை தொங்கியது. உனக்குச் சொல்ல நினைத்தேன். ஸ்டேஷன் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். விழிஞ்ஞம் பக்கம் பைபாஸ் வளைவில் உன் ஜீப் கவிழ்ந்தது.

அதிவேகம் என்று போலீஸில் எழுதினார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். "எங்கள நெனச்சிருந்தா இப்படி ஓட்டியிருப்பாரா?" என்று உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உன் மனைவி கேட்டாள். நான் தலையைக் குனிந்து காபியைக் குடித்தேன். இப்படி ஒரு கோழையைத்தான் நீ கூட்டாளி என்று சொல்லித் திரிந்தாய்.

இன்று உங்கள் கரமனை வீட்டுக்குப் போய், மெஷினைக் கொடுத்து, மாமியாரைக் கூட்டி வரக் கிளம்பியதிலிருந்து அட்டையைப் பார்த்தது வரை சொல்லிவிட்டேன். குரல் நடுங்கவில்லை. வேறு யாருடைய கதையையோ சொல்வது போலிருந்தது.

"அப்போ அவரு வேகமா வரல்ல?"

"இல்லம்மா. எப்பவும் போலத்தான் வந்திருப்பான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெஷினின் குழாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "ரயில் நேரத்துக்கு வந்துதா அண்ணே?"

"முக்கால் மணி நேரம் லேட்."

மெஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த முக்கால் மணி நேரமும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் கையில்தான் இருந்தது. உன்னைக் கூப்பிட மறந்தேபோனேன்.