மைக்கில் சொன்ன ஊர்

பார்க் எக்ஸ்டென்ஷன்
ஜூலை 9, 2024

அன்புள்ள பிருந்தனுக்கு,

சுகமாக இருக்கிறேன். ஞானாம்பிகை அக்கா தன் வீட்டில் ஓர் அறை தந்திருக்கிறார். போனில் கதைத்தால் நீங்கள் சிரித்துச் சமாளிப்பீர்கள், நான் அழுவேன். அதனால்தான் கடிதம். பிரஷர் குளிசையை மறக்காதீர்கள்.

சனிக்கிழமை உதைபந்தாட்டப் போட்டியில் நான் ரோல்ஸ் விற்றுக்கொண்டு நின்றேன். உங்கள் கழகம் ஐந்தாவது கோல் அடித்ததும் எதிரணியைப் பார்த்து மைக்கில் சொன்னீர்கள்: "அண்ணைமார், உங்களுக்கு இண்டைக்கு முள்ளிவாய்க்கால்தான்."

மைதானமே சிரித்தது. ரோல்ஸ் வாங்க நின்றவரும் சிரித்தார்.

என் தம்பி பிரணவனை அந்த முள்ளிவாய்க்காலில்தான் விட்டுவிட்டு வந்தோம். மண் போடக்கூட நேரமிருக்கவில்லை. உங்களுக்கு இது தெரியும்.

நிரோஜா

பியர்பொன்ட்ஸ்
ஜூலை 16

அன்பு நிரோ,

நீர் இல்லாமல் வீடு வீடாக இல்லை. உம்முடைய தக்காளி காய்த்துவிட்டது.

அது பகிடிக்குச் சொன்னது. மைக்கைப் பிடித்தால் என் வாய் நிற்காது. வாட்டர்லூ என்றால் உலகம் முழுக்கப் படுதோல்வி. அதுவும் பிணம் விழுந்த ஊர்தான். இங்கே பிரெஞ்சுக்காரர் பெரெசினா என்பார்கள். நெப்போலியனின் படை அழிந்த ஆறு. என்னோடு வேலை செய்கிற பற்றிக், பிரிண்டர் பழுதானாலும் அதைத்தான் சொல்லுவான். யாரும் கோபிப்பதில்லை. ஊர்ப்பெயர்கள் இப்படித்தான் சொல்லாகின்றன.

கோபம் ஆறியதும் வாரும்.

உம்முடைய பிருந்தன்

பார்க் எக்ஸ்டென்ஷன்
ஜூலை 22

அன்புள்ள பிருந்தனுக்கு,

பற்றிக்கின் தம்பி அந்த ஆற்றில் சாகவில்லை. எங்கள் தாய்மார் இன்னும் காணாமல்போன பிள்ளைகளின் படத்தோடு தெருவில் நிற்கிறார்கள். மே பதினெட்டு நினைவேந்தலில் கறுப்புச் சட்டை போட்டு மெழுகுதிரி பிடிக்கிறீர்கள். ஜூலையில் அதே ஊர் பகிடி.

நேற்று உங்கள் அக்கா தன் மகள் அனோஜினியைக் கூட்டி வந்தார். கரம்போர்ட் விளையாடினோம். தோற்றதும் பிள்ளை, "மாமி, எனக்கு முள்ளிவாய்க்கால்" என்றாள். அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். "தோக்கிறது. மாமா மைக்கில சொன்னவர்." அது ஓர் ஊர் என்றே அவளுக்குத் தெரியாது. உங்கள் அக்கா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றுதான் கேட்கிறேன். ஆகஸ்ட் இறுதிப்போட்டியில், அதே மைக்கில், முள்ளிவாய்க்கால் ஓர் ஊர், என் மனைவியின் தம்பி பிரணவன் அங்கே செத்தான் என்று சொல்லுங்கள். சொன்னால் அன்றைக்கே உங்கள் காரில் ஏறி வருவேன்.

நிரோஜா

பியர்பொன்ட்ஸ்
ஆகஸ்ட் 19

அன்பு நிரோ,

மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். சத்தியமாகச் சொல்ல வாய் திறந்தேன். கழகத் தலைவர் அரியரத்தினம் அண்ணை காதுக்குள் சொன்னார்: "தம்பி, சனம் சந்தோசமா நிக்குது, குழப்பாத. மே மாசம் சொல்லுவம்." அனுசரணை தந்த முதலாளிமாரும் முன்வரிசையில் இருந்தார்கள். விட்டுவிட்டேன்.

வருகிற மே நினைவேந்தலில் பிரணவனின் படத்தைப் பெரிதாக வைத்து நானே பேசுவேன். அந்தச் சொல்லை நான் பிறகு சொல்லவேயில்லை. நாங்கள் தோற்றபோது மற்றக் கழகத்து அறிவிப்பாளர்தான் சொன்னார்.

வாரும், நிரோ.

பிருந்தன்

பார்க் எக்ஸ்டென்ஷன்
ஆகஸ்ட் 24

பிருந்தனுக்கு,

இறுதிப்போட்டிக்கு நானும் வந்திருந்தேன். உடுப்புப் பையோடு உங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றேன். மற்றக் கழகத்துக்காரர் அதைச் சொன்னபோது உங்களைத்தான் பார்த்தேன்.

நீங்களும் சிரித்தீர்கள்.

பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். மே மாதம் பிரணவனின் படம் வேண்டாம். அது என்னிடமே இருக்கட்டும். என் மீதிச் சாமான்களை ஞானாம்பிகை அக்கா வந்து எடுப்பார். தக்காளியை அனோஜினிக்குக் கொடுங்கள்.

குளிசையை மறக்காதீர்கள்.

நிரோஜா