இரண்டு செம்மஞ்சள் தொப்பிகள்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை கிரான்பர்னில் உன் வீட்டுக் கராஜை ஒதுக்கிக் கொடுக்கப் போனேன். ஏணியையும் டிரில்லையும் நீ எங்கே வைத்தாய் என்று தெரியாமல் உன் மனைவி கூப்பிட்டிருந்தார். மேல்தட்டில், காய்ந்துபோன பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்ரிக் பை இருந்தது. பிரித்தால் நம்முடைய தொப்பிகள் இரண்டும். கண்ணைக் குத்துகிற அந்தச் செம்மஞ்சள் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. என்னுடையதில் புல்விதைகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. உன்னுடையதன் உள்விளிம்பில், யாருக்கும் தெரியாது என்று நினைத்து நீ பூசிவந்த தலைச்சாயத்தின் கறை. மூக்கருகே கொண்டுபோனேன். துப்பாக்கி எண்ணெய் வாசம் வந்தது.

சிரித்துக்கொண்டுதான் அவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"அதை எங்கயாவது தூக்கிப் போட்டுடுங்கண்ணா. அதைப் பார்த்தாலே அவர் மொகம் மாறிடும். 'கூட வந்தவன் எங்க நிக்கிறான்னு பார்க்காமலே சுட்டுட்டேன்'னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார்."

ஒரு பெயின்ற் வாளியின் மேல் இருந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நாம் பழகத் தொடங்கியது பொஸம் என்கிற ஒரு மரவிலங்கால் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். வேலை செய்த கிடங்கின் கூரைச் சட்டத்தில் அது வந்து குந்தியிருந்தது, பூனையளவு உடம்பும் புசுபுசு வாலுமாக. எல்லோரும் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருக்க, நீ அண்ணாந்து பார்த்து, "நம்ம ஊரு அணிலுக்கு எவனோ நல்லாத் தீனி போட்டிருக்கான்," என்று உனக்குள்ளேயே சொன்னாய். தமிழ் கேட்டதும் திரும்பினேன். நீ மதுரைப் பக்கம் என்றாய். நான் யாழ்ப்பாணம் என்றேன். அதற்கு அடுத்த கேள்வி எனக்குப் பாடம். சண்டை நேரம் அங்கேயா இருந்தீங்க, என்னென்ன பார்த்தீங்க என்று கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார்கள். நீ கேட்டது, "முயல் சாப்பிடுவீங்களா?"

அந்த ஒரு கேள்விக்காகவே எனக்கு உன்னைப் பிடித்துப்போனது. நான் இந்த நாட்டில் அடைக்கலம் தேடிப் படகில் வந்தவன், தற்காலிக விசாக்காரன். வருடக்கணக்காக மேசைக்கு முன்னால் இருந்து அதிகாரிகளுக்கு நான் சொன்னதெல்லாம் என் பயத்தைத்தான். எங்கே ஓடினேன், எங்கே படுத்தேன், பக்கத்தில் யார் செத்தார்கள். ஒரு திகதி மாறினால் பொய்யன். பயந்தவன் என்று நிரூபித்தால்தான் இருக்க விடுவார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு என்னையே அலுத்துவிட்டது. சனிக்கிழமைகளில் உன் காரில் ஏறினால் மட்டும் நான் சும்மா முயலுக்குப் போகிற ஒருத்தன். நீ ஒருநாளும் எதையும் கேட்டதில்லை.

நாம் முயலுக்குப் போன பண்ணை கிப்ஸ்லாந்துப் பக்கம். முயல்கள் மேய்ச்சல் நிலத்தைத் தோண்டித் தள்ளுகின்றன என்று பண்ணைக்காரர் உனக்கு அனுமதி தந்திருந்தார். எப்போது வேண்டுமென்றாலும் வா என்று அவர் சொன்ன பிறகும், ஒவ்வொரு முறையும் முதல்நாள் போன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் போவாய். லைசென்ஸ் உன்னிடம். என்னிடம் இல்லாதபடியால் துப்பாக்கியைக் காரிலிருந்து இறக்கித் தரக்கூட விடமாட்டாய். என் வேலை தூரக்கண்ணாடி, தேத்தண்ணிப் போத்தல், பிறகு முயல்களைச் சுமப்பது.

உன்னோடு முயலுக்குப் போவது பாஸ்போட் எடுக்கப் போவதைப் போலத்தான், அவ்வளவு படிமுறை! துப்பாக்கி ஒரு பெட்டியில், குண்டுகள் வேறு பெட்டியில், இரண்டுக்கும் பூட்டு. முழங்கால் உயர வேலி என்றாலும் நின்று, குண்டை வெளியே எடுத்து, வெறும் அறையை எனக்கும் காட்டி, துப்பாக்கியை வாய் மறுபக்கம் பார்க்க அந்தப்புறம் கிடத்திவிட்டுத்தான் காலைத் தூக்குவாய். அதற்குள் அங்கே மேய்ந்த முயல் பேரப்பிள்ளை கண்டுவிடும் என்று நான் பகிடி பண்ணுவேன். "நேத்து வரைக்கும் ஒண்ணும் ஆகலங்கிறதால இன்னைக்கும் ஆகாதுன்னு ஒண்ணும் இல்ல மாப்ள," என்பாய். மண்மேடு பின்னால் இல்லாத முயலை நீ சுட்டதே இல்லை. மேட்டு விளிம்பில், வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு எத்தனை கொழுத்த முயல்கள் நம்மைப் பார்த்துக் காதை ஆட்டின! "அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியலையா, அப்ப அங்க முயலே இல்ல." அதோடு கதை முடிந்தது.

கண் வீங்கினால் நோய் முயல் என்று தொடவிடமாட்டாய். உரிக்கும்போது கையுறை போட்டு, ஈரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். வெள்ளைப் புள்ளி கண்டால் முழு முயலும் குழிக்குள். தப்பினதை உன் வீட்டுக் குசினியில் பங்கு பிரிப்போம். உன் பங்கு மிளகு வறுவலாகும். என் பங்கை நான் நோபல் பார்க் அறைக்குக் கொண்டுபோய், எங்கள் கறித்தூள் போட்டுக் காய்ச்சுவேன். உன்னுடையதில் உறைப்புக் காணாது என்று நானும், என்னுடையதில் முயலையே காணோம், தூள்தான் இருக்கிறது என்று நீயும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு மனதில் நிற்பது, சுடுவதற்கு முன் நீ செய்கிற வேலை. திரும்பி என் தொப்பியைத் தேடுவாய். கண்டுபிடித்த பிறகு, மெல்லிய குரலில், "நிக்கிறியா மாப்ள?"

"நிக்கிறன் மச்சான்."

அதற்குப் பிறகுதான் துப்பாக்கியில் கன்னத்தை வைப்பாய். அந்தச் சின்னத் துப்பாக்கியின் சத்தம் காய்ந்த தடி முறிகிற மாதிரித்தான் இருக்கும். எப்போது வரும் என்று தெரிந்து வருகிற சத்தம். அதற்கு நான் ஒருநாளும் திடுக்கிட்டதில்லை. எனக்கு எல்லாம் சுகமாகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை புல் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் செரி பழுத்திருந்தது. வாய்க்கால் கரையில் ஒரு முயல் குந்தியிருக்க, பின்னால் நல்ல உயரமான மண்மேடு. உனக்குப் பிடித்த மாதிரியான முயல். நான் உனக்கு இடப்பக்கம், பத்தடி தள்ளி, பட்டுப்போன யூகலிப்டஸ் மரத்தடியில் நின்றேன். நீ திரும்பினாய். என்னைப் பார்த்தாய். கேட்டாய். நான் பதில் சொன்னேன். நீ குனிந்து குறிக்கண்ணாடியில் கண்ணை வைத்தாய்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் இடி மாதிரி ஒரு வெடி.

செரியைக் கொத்த வருகிற குருவிகளை விரட்ட, காஸில் வெடிக்கிற இயந்திரம் ஒன்றைத் தோட்டக்காரர் அந்த வாரம்தான் கொண்டுவந்து வைத்திருந்தாராம். இன்றைக்கு எனக்குத் தெரியும். என் கால்களுக்கு அன்றைக்குத் தெரியாது. எந்தப் புது இடத்துக்குப் போனாலும் நிலத்தில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று என் கண் முதலில் பார்த்து வைத்துக்கொள்ளும். இப்போதும் அப்படித்தான். அங்கே பள்ளம் என்றால் அந்த வாய்க்கால் ஒன்றுதான். நான் குனிந்தபடி முன்னால் ஓடி, அதற்குள் விழுந்து, முகம் குப்புறப் படுத்து, இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஷெல் விழும்போது அப்படித்தான் படுக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். மூன்று செக்கன்கூட ஆகியிருக்காது. உனக்கு அது ஏதோ தோட்டத்துச் சத்தம், குறிக்கண்ணாடிக்குள் தெரிந்தது முயல் மட்டும். தடி முறிகிற சத்தம் கேட்டது. மண் சிதறி என் கழுத்தில் பட்டது.

நான் எழுந்தேன். புல்லுக்கு மேலே என் தொப்பியைக் கண்டதும் உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஒரு மனிதனின் முகம் அப்படி வெளுத்துப்போனதை நான் பிணங்களில்தான் கண்டிருக்கிறேன். அந்த நிலைமையிலும் நீ முதலில் குண்டறையைத் திறந்து காலியாக்கி, துப்பாக்கியைக் கீழே கிடத்திவிட்டுத்தான் ஓடி வந்தாய். என் தலையை, தோளை, நெஞ்சைத் தடவிப் பார்த்தாய்.

"மரத்துக்கிட்டதானே நின்ன? நான் பார்த்தேனே. எப்படிடா இங்க வந்த?"

என் வாய்க்குள் மண். கன்னமெல்லாம் கண்ணீர். குருவி விரட்டுகிற வெடிக்கு ஓடிப்போய்ப் படுத்தேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசாவுக்குப் பயந்து மறைத்தேன் என்றால் கேட்கிறவர்கள் நம்புவார்கள். அது உண்மை இல்லை. வெட்கம், மச்சான். உன் ஒருத்தனுக்கு முன்னால்தான் நான் பயந்தவனாக இல்லாமல் இருந்தேன். அதை விட மனம் வரவில்லை.

"நான் இஞ்சதான் நிண்டனான்," என்றேன். "நீ ஒழுங்கா, வடிவாப் பாக்கேல்ல."

நீ மரத்தைப் பார்த்தாய். வாய்க்காலைப் பார்த்தாய். திரும்பவும் மரத்தைப் பார்த்தாய். பிறகு உன் கண்ணை நம்பாமல் என் வாயை நம்பினாய்.

அடுத்த வாரமே துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்தாய், லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்தாய். கிடங்கில் பாரம் தூக்குகிற போர்க்லிப்ட் வண்டியை ஓட்டமாட்டேன் என்று சொல்லிப் பொதி கட்டுகிற வேலைக்கு மாறினாய். சொந்த வீட்டு வாசலில் காரைப் பின்னுக்கு எடுக்கவும் மனைவியை இறக்கி நிற்கவைத்தாய். கேரம் டவுன்ஸ் கோயிலில் கார் நிறுத்த இடம் கிடைத்தாலும், பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள் என்று வெளியே தெருவில் விட்டுவிட்டு நடந்து வருவாய். உன்னைப்போலக் கவனமான ஆளை நான் கண்டதில்லை. அந்த ஆளுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையை நான் ஒரு வசனத்தில் எடுத்துவிட்டேன். எடுத்ததையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சனி சொல்லுவம், அடுத்த சனி சொல்லுவம் என்று ஏழு வருடம் போனது.

ஆஸ்பத்திரியில் சொல்லத்தான் வந்தேன். நம்பு. புற்றுநோய் உன்னைப் பாதியாக்கியிருந்தது. பேச்சு எடுக்க முதல் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அன்னைக்கு நடந்ததுக்கு என்னை மன்னிச்சிரு மாப்ள."

அப்போதாவது நான் மனிதனாக இருந்திருக்கலாம். உன் மனைவி பக்கத்துக் கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னை மன்னித்தேன். "அதை விடு மச்சான், நான் எப்பவோ மறந்திட்டன்," என்று பெரிய மனுசன் மாதிரிச் சொன்னேன். நீ கண்ணை மூடி என் கையை அழுத்தினாய். வெளியே வரும்போது உன் மனைவி எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். எட்டாம் நாள் நீ போய்விட்டாய்.

இதையெல்லாம் அந்தப் பெயின்ற் வாளியில் இருந்தபடி அவரிடம் சொன்னேன். கையில் பிடித்த விளக்குமாற்றோடு நின்று கடைசி வரைக்கும் கேட்டார். அழவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நானும் அங்கதானே உட்கார்ந்திருந்தேன். அப்ப சொல்லியிருக்கலாமேண்ணா," என்றார்.

அவர் விளக்குமாற்றைச் சுவரோடு சாய்த்துவிட்டு வந்து, என் மடியிலிருந்த தொப்பிகளில் உன்னுடையதை எடுத்தார். அதில் இருந்த தூசியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். ஹோலில் உன் படத்துக்குப் பூமாலை போடுகிற ஆணி இருக்கிறதே, அதில் அதைக் கொழுவினார். கொஞ்ச நேரம் முன்னால் தூக்கிப் போடச் சொன்ன தொப்பி.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவர்கிட்ட சொல்லுங்க."

உன் படத்துக்கு முன்னால் நின்றேன். எழுதித் தருகிறேன் என்றேன். சரி, வாசித்துக் காட்டுகிறேன் என்றார். அதனால்தான் இந்த மடல். இதை உனக்கு வாசிப்பது அவருடைய குரல்.

என்னுடைய தொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. புல்விதைகளை நான் பிடுங்கவில்லை. கிடங்கில் யாராவது போர்க்லிப்டைப் பின்னுக்கு எடுத்தால், பின்னால் நிற்கிறவனைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். அவன் பதில் சொன்ன பிறகும் இன்னொருமுறை பார்க்கிறேன், ஏனென்றால் பதில் சொன்னவன் ஓடிவிடலாம் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும். பள்ளம் தேடுகிற கண் மாறவில்லை, மாறாது. அதை இனி யாரிடமும் மறைக்கப்போவதில்லை.

மச்சான், கேள். நீ திரும்பினாய். நான் மரத்தடியில்தான் நின்றேன். நிக்கிறியா என்று நீ கேட்டாய், நிக்கிறன் என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு ஓடியது நான். நீ வடிவாகப் பார்த்தாய். பார்த்துத்தான் சுட்டாய்.