இந்தக் குளிரில் ரத்தம் எப்படிக் கொதிக்கும்?

என் அன்பு அப்பாவுக்கு,

கேட்டால் சிரிப்பீர்கள். மலைமேல் நம் பள்ளங்கி வீட்டுப் பரணில் பூண்டைக் கடித்த எலிகளுக்கு ஓயாமல் பொறி வைத்தீர்களே, உங்கள் மகள் இப்போது மதுரை ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு வேளை தவறாமல் தீனி போடுகிறாள்.

பாதி எலிகளுக்கு வைட்டமின் டி இல்லாத தீனி. மீதிக்கு எல்லாச் சத்தும் உண்டு. சில வாரம் கழித்து வாலில் சின்னப் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கிறோம். வைட்டமின் இல்லாதவற்றுக்கு ஏறியிருக்கிறது. திரும்பக் கொடுத்ததும் பலவற்றுக்கு இறங்குகிறது. எலிக்கு நடப்பது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த எண் இறங்கும்போதெல்லாம் உங்கள் நினைவுதான்.

ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னதும் என்ன சொன்னீர்கள்? "இந்தக் குளிருல ரத்தம் எப்பிடிங்க கொதிக்கும்? அதெல்லாம் பழனி வெயிலுல கெடக்குறவுகளுக்கு." மாத்திரை ஜன்னலோரமே கிடந்தது. ஒரு மார்கழிக் காலையில் பூண்டுக்காட்டில் சரிந்தீர்கள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஒரு சொல்லை நம்பி இப்படிப் போகலாமா அப்பா?

எலியின் வாலைச் சூடுபடுத்திய பிறகுதான் அழுத்தம் பார்க்க வேண்டும். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கிவிடும், நாடி கிடைக்காது. குளிர் அழுத்தத்தை ஏற்றவும் செய்யும். நீங்கள் காவல் என்று நினைத்த அதே குளிர். இதைக் கேட்ட அன்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்கும் அழுத்தம் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். "எனக்குக் கொதிப்பா? கை ஐஸாக் கெடக்கு, தொட்டுப் பாரு" என்று நீட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது. கொதிப்பு என்ற பேச்சையே விட்டுவிட்டு, காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக் காட்டினேன். தண்ணீர் பீச்சியடித்தது.

"பச்சத் தண்ணிதாம்மா. வழி சுருங்கவும் எப்பிடி முட்டுது பாத்தியா?"

அம்மா தன் விரலையும் வைத்துப் பார்த்தாள்.

"இத அந்த மனுசனுக்கு யாராச்சும் காட்டியிருக்கலாம்லடி" என்றாள். பிறகு, "அந்த மாத்திரைய எடு."

இப்போது தினமும் வெள்ளனே போன் வருகிறது. "போட்டாச்சு" என்கிறாள்.

இனி நம் மலையில் யாரிடமும் கொதிப்பு என்று சொல்ல மாட்டேன், அப்பா. நம் காட்டுக் குழாயைத்தான் காட்டுவேன். சத்தியம்.

எலிகளோடு சமாதானமாகிவிட்ட
உங்கள் சின்ன மகள்