கைப்பிடி அரிசிப் பானை

உத்திரமேரூர் அருகே,
தை மாதம், சனிக்கிழமை மாலை.

அன்புள்ள வாணனுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் மஸ்கட்டில் உங்கள் அறைக்குள்ளும், உங்களோடு தங்கியிருக்கும் அந்த மூன்று பேரின் குறட்டைக்கு நடுவிலும் இருப்பதாக. நான் சுகம். ஷாரோன் பேனா பிடித்துக் கடிதம் எழுதுகிறாளா என்று நீங்கள் வாயைப் பிளப்பது இங்கிருந்தே தெரிகிறது. என்ன செய்ய, போன் என்னிடம் இல்லை. அது சர்ச்சில் அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன். இந்த ஊர் மோகன் அண்ணன் நாளை இரவு மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுவேன்.

நீங்கள் என்னோடு பேச்சை முறித்துக்கொண்டு கிளம்பிப்போய் மூன்று வாரம் ஆகிறது. நம் குழந்தை இறந்ததை நான் பாட்டாக எழுதி ஆல்பத்தில் பாடியதை உங்களால் மன்னிக்க முடியவில்லை என்று தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் எனக்கு விஷயத்துக்கு நேராக வரத் தெரியாது, சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் ஆல்பம் முடிந்த கையோடு, ஸ்டுடியோ ஆனந்தன் அண்ணன் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து கால ஆல்பத்துக்கு அவசரப்படுத்தினார். 'அந்தப் பாட்டு' மாதிரியே இன்னொன்று வேண்டுமாம். பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இந்தச் சபையில் போதகர் வீடு காலியாக இருக்கிறது, அவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளில் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வேதகிரி ஐயா சாவியைக் கொடுத்து, எலி இருக்கும், அதுபாட்டுக்கு அது போவும், நீபாட்டுக்கு நீ தூங்குமா என்றார்.

தூங்கினேன். அப்படியொரு தூக்கம். விழித்தால் காலையா மாலையா என்று தெரியாது. ஏரி நிரம்பிக் கிடக்கிறது. விடியற்காலையில் பனி இறங்கினால் கரை எது, தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. பனிக்குள்ளிருந்து யாரோ மாட்டைத் திட்டும் குரல் மட்டும் வருகிறது, ஆளும் இல்லை, மாடும் இல்லை. மதியத்தில் சர்ச்சுக்குள் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வேன். ஓட்டு இடுக்கு வழியாக விழும் வெயில் தரையில் நகர்வதைப் பார்த்தபடியே கண் சொருகும். ஜெபிக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது.

ஆனால் அங்கேயும் என் வியாதி விடவில்லை. 'ஆண்டவரே' என்று தொடங்கினால், அடுத்த சொல்லுக்கு எதுகை வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடனே அதைப் பதிந்துகொள்ளக் கை போனைத் தேடுகிறது. எத்தனை வருஷமாக இப்படி என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நான் முழங்காலில் நின்றதெல்லாம் வேலை நேரமாகவே போயிருக்கிறது, வாணன்.

நேற்று உபவாச ஜெபத்தில் மானம் போனது. இங்கே ஆதிலட்சுமி என்று ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். அவள் எனக்காக ஜெபித்தாள். ஆண்டவரே, இந்தக்கா மூஞ்சப் பார்த்தியா, இன்னாத்தையோ முழுங்கிட்டுத் துப்பவும் முடியாம கீது, நீதான் முதுகத் தடவிக் குடுக்கணும் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சிலிர்த்ததும் என்ன செய்தேன் தெரியுமா? வேதாகமத்துக்கு அடியில் போனை வைத்து ரெக்கார்டிங்கை அழுத்தினேன். பாழாய்ப்போன போன், டொய்ங் என்று சத்தம் போட்டது.

அவள் கண்ணைத் திறந்து, இன்னாக்கா, நான் அவருகிட்ட பேசிக்கினு கீறேன், நீ அத்தப் புடிச்சிக்கினு கீற, இத்தயும் பாட்டாக்கிடுவியா என்று கேட்டாள். கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்குள் எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

பீடத்துக்குப் பக்கத்தில் கைப்பிடி அரிசிப் பானை இருக்கிறது. இங்கே பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, அதில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஞாயிறு ஆராதனை முடியும்வரை யாரும் அதில் கை விடக் கூடாது. நான் எழுந்துபோய், போனை அந்த அரிசிக்குள் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வேதகிரி ஐயா தலையில் அடித்துக்கொண்டு, போட்டா போட்டதுதாம்மா, இனி நாயித்துக்கெயமதான் என்றார். ஆதிலட்சுமிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

இன்று மதியம் அதே பாயில் படுத்து அரைத்தூக்கத்தில் இருந்தேன். பானைக்குள் போன் அடித்தது. அதில் என்ன ரிங்டோன் வைத்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். உன் போன் அடிச்சாக்கூட நம்ம பிள்ளையோட சாவுதான் கேக்குது ஷாரோன் என்று சொல்லிவிட்டுத் தனியாக ஏர்போர்ட்டுக்குப் போனீர்களே, அந்தப் பாட்டுத்தான்.

எடுக்க முடியாது, கேட்கத்தான் முடியும். அரிசிக்குள்ளிருந்து வந்ததால் ஒரு வார்த்தையும் புரியவில்லை. என் எதுகை, வயலின், கோரஸ் எல்லாம் அமுங்கிப்போய், ஒரு முனகல் மட்டும் வந்தது. பக்கத்து அறையில் குழந்தை சிணுங்குகிற மாதிரி. எழுந்து ஓடினேன், வாணன். பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் குழந்தை போன ஆடி மாதத்தில் அழாத அழுகையெல்லாம் அங்கே அழுதேன்.

அன்றைக்கு நீங்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்து நகமெல்லாம் மண்ணோடு திரும்பி வந்தீர்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா தீர்ந்துபோச்சு, வேற இருக்கா என்று உங்களைக் கேட்டேன். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள். அந்தப் பாட்டைக் கேட்டு ஊரெல்லாம் அழுதது, நான் ஒருத்திதான் அழவில்லை. உங்களையும் தனியாக அழ விட்டுவிட்டேன். தப்பு. இதை அழகாகச் சொல்ல வழியில்லை, தப்பு தப்புதான்.

அழுது ஓய்ந்ததும் அவள் பெயரைச் சொன்னேன். அவள் வயிற்றில் இருந்த ஐந்தாம் மாதத்திலேயே நீங்கள் வைத்த பெயர், நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாத பெயர். அவள் போன பிறகு நான் அதை வாயால் சொன்னதே இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். எதுகை வரவில்லை, மெட்டு வரவில்லை, கை எதையும் தேடவில்லை. அது ஒன்றுதான் என் ஜெபம். அப்படியே தரையில் தூங்கிப்போனேன். விழித்தபோது என் தலைக்கு அடியில் ஆதிலட்சுமியின் துண்டு மடித்து வைத்திருந்தது.

லெந்து ஆல்பம் செய்யப்போவதில்லை. நாளையே ஆனந்தன் அண்ணனிடம் சொல்லிவிடுவேன். அடுத்து எப்போது எழுதுவேன் என்று தெரியாது. எழுதாமலே இருந்தாலும் ஆண்டவர் என்னை வெளியே போ என்று சொல்லமாட்டார் என்று இப்போதுதான் தோன்றுகிறது. ஊருக்குள் விட்ட பாட்டைத் திரும்ப எடுக்க முடியாது. அதற்காகவும் என்னை மன்னிக்க வேண்டும்.

போன் நாளை கைக்கு வந்துவிடும். ஆனாலும் நானாகக் கூப்பிடமாட்டேன், போனில் நான் இதையும் பாட்டு மாதிரி அழகாகப் பேசிவிடுவேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முதுகுவலியோடு மூட்டை தூக்காதீர்கள். உங்கள் கைகளை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும், அவளைக் கடைசியாகத் தூக்கியவை அவைதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். என்னோடு பேசக்கூட வேண்டாம், அது போதும்.

அவளுடைய அம்மா,
ஷாரோன்