கடைசி வண்டி

மகளுக்கு,

அன்று அந்த வெயில் தேசத்து மலை ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் இவர்கள்தான். முன்னால் வழிகாட்டி. அடுத்து பல் டாக்டர், வாய் ஓயாத பேங்க் ஆபீசர், உன் தம்பி. கடைசி வண்டியில் உன் வீட்டுக்காரர், பின்சீட்டில் நீ.

"தம்பி சொல்லாமல் குறுக்குவழியில் போய் விழுந்தான்" என்று எழுதியிருந்தாய். நேற்று தம்பி உடம்பை விசாரிக்க வழிகாட்டி போன் பண்ணினார். "எந்தக் குறுக்குவழி? அங்க ஒரே ரோடுதாம்மா. விழுந்தா தூக்க ஆள் வேணுமே, அதான் கடைசி வண்டி யாரையும் தாண்டக் கூடாது. நிதானமானவர்னு உங்க மாப்பிள்ளையைக் கடைசியா வரவிட்டேன்" என்றார்.

அன்று வழியில் ஜூஸ் கடையில் எடுத்து நீ அனுப்பிய போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் ஐந்து வரை எண்ண வரும். நாலு வண்டி நிற்கிறது. தம்பி வண்டி இல்லை. கடைசி வண்டி மட்டும் எப்படியடி முந்தி வந்தது?

அவனையே கேட்டேன். "மாமா ஏதோ அவசரத்துல தாண்டிட்டார். விடும்மா, அக்கா பாவம்" என்று, கால் எடுத்த பக்கம் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். இரண்டு மணி நேரம் வெயிலில் தனியே கிடந்திருக்கிறான்.

லீவுக்குப் பேரப்பிள்ளைகளை மட்டும் அனுப்பு.

உன் கல்யாணத்தில் எனக்குப் பின்வரிசையில் நாற்காலி போட்டதையே மறக்காதவள் நான். மாப்பிள்ளை ஊரான் பிள்ளை, அவரைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். கூடப்பிறந்தவனைத் தாண்டி வந்துவிட்டு, பழியையும் அவன் தலையிலேயே கட்டினாயே, உன்னை மன்னிக்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்